தண்ணீர் நிற்காத குளம்

நேற்றுச் சாயங்காலம் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரை விடிந்ததும் காணவில்லை.

பொன்மணி வாசலில் நின்று குழியைப் பார்த்தாள். உள்ளே விரித்திருந்த நீலத் தார்ப்பாயின் மடிப்பில் மட்டும் கொஞ்சம் கலங்கல் மிச்சமிருந்தது. ஓரத்தில் வைத்த ஆம்பல் செடி, குடித்துவிட்டு விழுந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. போன தண்ணீர் அத்தனையும் அவள் பைப்படியில் காத்திருந்து பிடித்து, இடுப்பில் சுமந்தது.

காக்கநாட்டு வேலை கைவிட்டுப் போன அவள் மகன் பிரதீஷ், மனைவி சுனிதாவோடு இந்தக் கொச்சங்காடி வீட்டுக்கே பெட்டியும் படுக்கையுமாகத் திரும்பி வந்தான். அவன் அப்பா பாலையா மாடி அறைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாரே தவிர, 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் அந்த இடத்தில்தான் நாம் அவர்களை விட்டோம்.

அப்பனும் மகனும் பேசாத கதை பழசு. கல்யாணப் பந்தலில் சுனிதாவின் அப்பா, சம்பந்திக்குக் கார்ப்பரேஷனில் என்ன வேலை என்று கேட்டார். "ஆபீஸ்ல" என்றான் பிரதீஷ். பாலையா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். மட்டாஞ்சேரியின் கானை ஒவ்வொன்றிலும் இடுப்பளவு இறங்கிச் சாக்கடைச் சேறு கோரி, அந்தச் சம்பளத்தில் மகனைப் படிக்க வைத்தவர். அன்று பந்தியில் எழுந்து கை கழுவியவர், பிறகு மகனிடம் வாயே திறக்கவில்லை.

அந்த வாயைத் திறக்க வைத்தது இந்தக் குளம்தான்.

மாடி அறையை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடலாம், வாசலில் சின்னதாக ஒரு குளம் இருந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று பிரதீஷ் அம்மாவிடம் சொன்னான். காக்கநாட்டு ஐ.டி. வளாகத்தில் தோட்டமும் நீரூற்றும் பராமரிக்கிற ஆட்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவன் அவன். அம்மா அதை அப்பாவின் காதில் போட்டாள். மறுநாள் காலையில் பாலையா மண்வெட்டியோடு வாசலில் நின்றார்.

பிரதீஷ் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றான். "இவ்வளவு ஆழம் வேண்டாம்ப்பா."

"ம்."

அந்த ஒரு 'ம்' போதும் என்றிருந்தது பொன்மணிக்கு. அதற்காகத்தான் அத்தனை குடம் சுமந்தாள். இப்போது அந்தக் குளம் காலி.

பல் தேய்த்துக்கொண்டே வந்த பிரதீஷும் குழியைப் பார்த்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தான். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். கையை அடியில் வைத்துத் தடவினான். குழியின் அடி முழுக்க ரோட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. சரிவு முடிகிற இடத்தில் கரையை வெட்டி ஒரு சின்ன வாய். அதை மண் வைத்து அடைத்திருந்த அடையாளம் மட்டும் இருந்தது. ராத்திரி அது கரைந்து போயிருந்தது.

"அப்பா, இது எதுக்கு?"

பாலையா சாயாக் கிளாசோடு வாசலுக்கு வந்தார். "எது?"

"இந்த வாய்?"

"தண்ணி போக வழி வேண்டாமா?"

அவர் நிஜமாகவே கேட்டார். பிரதீஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ அப்பா! குளத்துல தண்ணி போகக் கூடாதுப்பா, நிக்கணும்! நீங்க வெட்டி வச்சிருக்கது குளமில்ல, கானை!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

பாலையா குழியைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். தண்ணீரைத் தேங்கவிடாமல் ஓட்டி ஓட்டிப் பழகிய கை. அதனிடம் போய்க் குளம் வெட்டச் சொன்னால் அது தனக்குத் தெரிந்ததைத்தான் வெட்டும். சாயாவைக் குடிக்காமலே கிளாசைச் சுவரோரம் வைத்தார். உள்ளே போனார். டி.வி. ஓடுகிற வெளிச்சம் தெரிந்தது. சத்தம் இல்லை.

"நான் தமாஷுக்குச் சொன்னேன்மா" என்றான் பிரதீஷ்.

"நல்லா சொன்ன." பொன்மணி ஆம்பல் செடியை எடுத்து வாளிக்குள் வைத்தாள். "ரெண்டு வருஷமா ஒரு வார்த்தைக்குக் காத்துக் கெடந்தேன். வந்ததும் வராததுமா அதையும் கானையில விட்டுட்ட."

வாசற்படியில் நின்றிருந்த சுனிதா அந்தக் கிளாசை எடுத்துக்கொண்டு போனாள்.

பிரதீஷ் அம்மாவின் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தான். "ஒரு ஃபைபர் தொட்டி வாங்கிப் பதிச்சுருவோம்மா. அப்பா கஷ்டப்பட வேண்டாம். சின்ன மோட்டார் வச்சா தண்ணி மேல ஏறி அருவி மாதிரி விழும்."

"கரண்டு போனா?"

"வர வரைக்கும் நிக்கும்."

"நிக்கிற தண்ணியில கொசு முட்டை போடும். ஊரு வீட்டுல எல்லாம் தேங்கின தண்ணியக் கவுத்துப் போடுறதுதான் ஒங்கம்மா வேலை. எங்க வீட்டு வாசல்ல மட்டும் இருக்கட்டும்னு சொல்லச் சொல்றியா?"

"சரி, அப்பப்போ கழுவலாம்."

"யாரு?"

அவன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"அது போகட்டும். வேலியேத்தத்துல கடல் பொங்கினா கட்டில் கால் நனையிற வீடு இது. கடல் தண்ணி கானை வழியா ஏறி அடியில வந்துச்சுன்னா ஒன் ஃபைபர் தொட்டி தோணி மாதிரி கெளம்பிச் சாயாக்கடைக்குப் போயிரும். நாலு பேரு அதுல ஏறி உக்காந்து சாயா குடிப்பான்."

பிரதீஷ் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிக்க வைக்கிற எண்ணமில்லை. டப்பாவில் சோற்றைப் போட்டு மூடினாள்.

"அப்போ என்னதான் செய்யணும்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? உனக்குக் குளம் வேணும். அவருக்கு நீ வேணும். எனக்கு ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கணும்."

பையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கார்ப்பரேஷனின் கொசு ஒழிப்பு வேலையில் பொன்மணி ஒப்பந்தத் தொழிலாளி. பையில் டார்ச், நீளக் கைப்பிடி போட்ட ஒரு கரண்டி, மருந்துக் குப்பி. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற டப்பா, மொட்டை மாடியில் கிடக்கிற டயர், சிரட்டை என்று எங்கே தண்ணீர் நின்றாலும் கவிழ்க்க வேண்டும். கதவைத் திறக்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாய் குரைக்கும். அவள் பாட்டுக்குக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

இன்று யூதத் தெருவான ஜூ டவுன் முறை. மழை விட்டுப் புழுக்கமாக இருந்தது. கடைகளின் முன்னால் வெண்கல விளக்கும் பழைய கதவுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். சுக்கு மண்டியிலிருந்து காரமான தூசி வந்து மூக்கில் ஏறியது. பொன்மணி தும்மிக்கொண்டே இஸ்மாயிலிக்காவின் கடைக்குப் பின்புறம் போனாள்.

முகமது இஸ்மாயில் பழம்பொருள் வியாபாரி. கடைக்குள் இருக்கிற சாமான்களைத் துணி போட்டுத் துடைப்பார். விற்காத சாமான்களைப் பின்கட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அங்கே ஒரு கல்தொட்டி கிடந்தது. யார் வீட்டுத் தொழுவத்திலோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டின தொட்டி. விளிம்பில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே அது அங்கேதான் கிடக்கிறது. வாராவாரம் அதில் மழைத் தண்ணீர் நிற்கும். வாராவாரம் அவள் சத்தம் போடுவாள்.

கரண்டியை விட்டுக் கோரினாள். கரண்டிக்குள் கொசுப்புழுக்கள் துள்ளின.

"இக்கா! இங்க வாங்க! ஒங்க பிள்ளைங்களைப் பாருங்க, எப்படி வளந்திருக்குன்னு!"

இஸ்மாயில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "காலங்காத்தால ஏசிச் சீத்த விளிக்கத் தொடங்கியாச்சோ? நேத்துதானே மழை பெஞ்சது?"

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் மழைதானே பெஞ்சது?"

பொன்மணி குனிந்தாள். தொட்டியின் அடியில் ஓரமாக ஒரு துளை இருந்தது. அதில் துணி சுற்றிய மரக்கட்டையை அடைப்பாகச் செருகியிருந்தார்கள். அதைத் திருகிப் பிடுங்கினாள். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்து, புழுக்களோடு வெயில் காய்கிற தரையில் பரவியது.

எத்தனையோ முறை அந்த அடைப்பைப் பிடுங்கியிருக்கிறாள். இன்றுதான் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் நிற்கும். வேண்டாம் என்றால் போய்விடும். அடியில் ஒரு சரிவு மட்டும் வேண்டும். சரிவு வீட்டில் தயாராக இருக்கிறது.

"இக்கா, இது விலைக்கா?"

இஸ்மாயில் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆருக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான். வாசல்ல வைக்க. மகன் குளம் வேணுங்கான்."

"நின்றெ வீட்டுலயோ?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊரு தண்ணியெல்லாம் கமுத்துற பொன்மணி வீட்டுல குளம்! இத நான் ஆரிட்ட போய்ச் சொல்ல?"

"சிரிக்காதீங்க இக்கா. எனக்கே சிரிக்கணும் போலத்தான் இருக்கு. முடியல."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "எடுத்துட்டுப் போ. வாய் உடைஞ்ச தொட்டி, எந்த வெள்ளைக்கார சாயிப்பும் வாங்கல. டெம்போக்காரன் கூலி மட்டும் நீ பாத்துக்கோ. பினுகிட்ட சொல்றேன், சாயங்காலம் கொண்டு தருவான்."

"சும்மா வேண்டாம்."

"சும்மாவா தர்றேன்? இனி நீ வந்து எனக்குச் சீத்த விளிக்கக் கூடாது. அதுதான் விலை."

பொன்மணி மூலையில் கிடந்த பெரிய வெண்கல உருளியைக் கரண்டியால் தட்டினாள். அதிலும் தண்ணீர் நின்றது.

"அது நடக்காது இக்கா."

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது பாலையா காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் யாரோ சத்தமில்லாமல் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டாரா?" என்று சுனிதாவிடம் கேட்டாள்.

"கொஞ்சம் அம்மே. கப்பைக் கிழங்கு வேக வச்சுக் கொடுத்தேன்."

பொன்மணி கல்தொட்டி வருகிற விஷயத்தைச் சொன்னாள். துளையைப் பற்றியும் சொன்னாள். "அந்தக் குழியை மூட வேண்டாம். அதுக்கு மேலதான் தொட்டியை வைக்கணும். அந்தச் சரிவு அப்படியே இருக்கட்டும்" என்று, யாரைப் பார்க்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

நாற்காலி அசையவில்லை.

பிரதீஷின் செல்போன் அடித்தது. காது வைத்துக் கேட்கிற பாகம் கெட்டுப்போன போன் அது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். சற்று முன் பிரதீஷ் லொக்கேஷன் அனுப்பியிருந்த டெம்போக்காரன் பினு.

"சேட்டா, நீங்க அனுப்பின லொக்கேஷன் ஒரு கோடௌன் சுவத்துல கொண்டுபோய் முட்டுது. வண்டி திரும்பவும் இடமில்ல. வீடு எங்க?"

"பக்கத்துல சாயாக்கடை இருக்கா? பாலையா வீடுன்னு கேளுங்க."

"கேட்டாச்சு. இங்க ரெண்டு பாலையா உண்டுன்னு சொல்றாங்க. ஒண்ணு வட்டிப் பாலையா. அவரோ?"

"இல்ல இல்ல. மத்த பாலையா."

"மத்ததுன்னா?"

பிரதீஷ் நெற்றியைத் துடைத்தான். உள்ளே டி.வி. வெளிச்சம் சுவரில் ஆடியது.

"கார்ப்பரேஷன்ல இருந்தாரு. ரிட்டயர்டு."

பினு போனைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரரிடம் கேட்பது கேட்டது. "சேட்டா, கார்ப்பரேஷன் ஆபீஸ்ல இருந்த ஒரு பாலையா உண்டோ?"

கடையிலிருந்து ஒரு முரட்டுக் குரல் தெளிவாக வந்தது. "ஆபீஸ்லயா? அப்படி ஒரு ஆள் இந்தப் பக்கத்துல கிடையாது."

பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். காதையும் மூடிக்கொள்ள வழி இருந்தால் நன்றாயிருக்கும். அவள் கணவர் அங்கே, பத்தடி தூரத்தில், உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒரு ஆள் கிடையாதாம்.

"சேட்டா, ஆள் இல்லன்னு சொல்றாங்க. கல்லைத் திருப்பிக் கொண்டு போகவோ?"

பிரதீஷ் வாயைத் திறந்தான். சுனிதாவைப் பார்த்தான். அவள் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தான்.

சுனிதா அடுக்களை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கானை கோரின பாலையான்னு சொல்லு. அப்பாவோட பேரே அதுதானே இங்க? கொச்சங்காடியில கொச்சுப் பிள்ளைகளுக்குக்கூட அறியும்."

பிரதீஷின் கையிலிருந்த போன் தாழ்ந்தது.

"சுனி... உனக்கு யாரு..."

"போன்ல ஆள் நிக்கு. முதல்ல அதைச் சொல்லு."

பிரதீஷ் போனை வாயருகே கொண்டுபோனான். "கானை கோரின பாலையா" என்றான், தொண்டைக்குள்ளேயே.

"எந்தா? கேக்கல சேட்டா! பின்னால லாரி நிக்கு!"

"கானை கோரின பாலையா வீடு!" அவன் கத்தினான். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "கானை கோரின பாலையா! என் அப்பா!"

சாயாக்கடையில் ஒரே சத்தம். முரட்டுக் குரல் போனுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. "நம்ம பாலையா அண்ணன் வீடா? எடா, அதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஆபீஸ், கீபீஸுன்னு! வண்டியை இங்கேயே நிறுத்து. அந்த இடுக்குல போகாது. நாங்க நாலு பேரு தூக்கிட்டு வர்றோம்."

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பாலையா எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். பட்டனை ஒவ்வொன்றாக மாட்டினார். மெதுவாகத்தான் மாட்டினார். வாசலைக் கடக்கும்போது மகன் பக்கத்தில் நின்றார்.

"அந்த மண்வெட்டியை எடுத்து ஓரமா வை. தூக்கிட்டு வர்றவன் கால்ல இடிக்கப் போகுது."

பிரதீஷ் மண்வெட்டியை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

கல்தொட்டி வந்து சேர்ந்தது. வெட்டுக்கல் அடுக்கி, அதன்மேல் அதை ஏற்றி, துளை சரிவின் தலைப்பில் வருகிற மாதிரி நகர்த்தி வைக்கிறதற்குள் எல்லாருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. "இன்னும் கொஞ்சம்" என்றார் பாலையா. "இப்படியாப்பா?" என்றான் பிரதீஷ். "ஒன் பக்கம் தாழ்த்து" என்றார் அவர். தூக்கி வந்தவர்களுக்குச் சுனிதா சாயா கொடுத்தாள். உடைந்த விளிம்பைப் பார்த்து ஒருவர், "அண்ணா, ஒரு மாட்டையும் வாங்கிக் கட்டிரு" என்றார். பாலையா சிரித்தார்.

பொன்மணி அவர் பல்லைப் பார்த்தே நாளாயிருந்தது. அப்படியே படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிர்றேன்" என்றாள். "ஊரு தண்ணியெல்லாம் கவுத்துட்டு வந்து இங்கேயும் என்னால குனிய முடியாது. வாரம் ஒருவாட்டி அடைப்பை எடுத்துத் தண்ணியை விடணும். தொட்டியத் தேய்க்கணும். நான் செய்ய மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை அடைப்பை நான் எடுக்கேன், ஏட்டி" என்றார் பாலையா.

"நான் தேய்க்கிறேன்" என்றான் பிரதீஷ்.

முதல் குடத்தை அவளிடமிருந்து மகன் வாங்கி ஊற்றினான். இரண்டாவதை அப்பா ஊற்றினார். தண்ணீர் நின்றது. வாளியிலிருந்த ஆம்பலை எடுத்து நடுவில் விட்டார்கள். அது பிழைக்குமா என்று சொல்ல முடியாது.

பொன்மணி அடுக்களைக்குப் போனாள். சுனிதா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒனக்கு யாரு பிள்ளே சொன்னா?"

சுனிதா கழுவுவதை நிறுத்தினாள். "கல்யாணத்துக்கு முந்தி அப்பா ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்தாரு அம்மே. தனியா. பிரதீஷுக்கு அறியாது."

"எந்த அப்பா?"

சுனிதா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். அங்கே பாலையா தொட்டியின் அடைப்பைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்மணியும் எட்டிப் பார்த்தாள். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இத்தனை நாள் பக்கத்தில் படுத்தும் சொல்லவில்லையே.

"அப்போ பந்தல்ல ஒங்கப்பா, சம்பந்திக்கு என்ன வேலைன்னு கேட்டாரே?"

"எங்க அச்சனுக்கு எல்லாம் தெரியும் அம்மே. தெரிஞ்சுதான் கேட்டாரு. பிரதீஷ் என்ன சொல்றான்னு பாக்க."

சொல்லிவிட்டு அவள் கடைசிக் கிளாசையும் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு அச்சன் இங்க வர்றாரு. மத்தியானம்தான் போன் பண்ணினாரு. என்னைப் பாக்க இல்ல. அப்பாகிட்ட ஒரு பதில் சொல்லணுமாம். கல்யாணத்துக்கு முந்தி எங்க வீட்டுக்கு வந்தப்போ அப்பா கேட்டதுக்கு."

வாசலில் பாலையாவின் குரல் கேட்டது. "ஏட்டி, இன்னும் ஒரு குடம் எடு. கொஞ்சம் கொறையுது."

பொன்மணி குடத்தை எடுத்தாள். இந்த மனுஷன் அன்று அங்கே போய் என்னதான் கேட்டார்?